கொடைக்கானலில் வீட்டு மரத்துப் பழத்தைப் பறித்துப் பங்கு வைக்கும் பிள்ளைகள்: மூன்று வருஷம் பார்த்ததில்

மார்க்கை முதலில் சொல்லிவிடுகிறேன், 5க்கு 4. ஒன்றைக் குறைத்ததற்கு இரண்டு காரணம். ஒன்று கொஞ்சம் பெரிய விஷயம், பின்னால் வருகிறேன். இன்னொன்று எங்கள் அத்தையின் ஊறுகாய் ஜாடி.

எங்கள் வீடு பிரகாசபுரம் பக்கம். மாமனார் வைத்த பேரி மரம் நாலு, பிளம்ஸ் இரண்டு, வேலியோரம் மரத்தக்காளி, யாரும் நடாமலே கூரைமேல் ஏறிக் கிடக்கும் பேஷன் ஃப்ரூட் கொடி ஒன்று. மாமனார் இருந்தவரை பழம் பறிப்பது அவர் வேலை. அவரே ஏறுவார், அவரே இறக்குவார், சாக்கில் கட்டி சொந்தக்காரர் வீடுகளுக்கு பஸ்ஸில் போட்டுவிடுவார், வத்தலக்குண்டில் ஒரு சித்தப்பா வீட்டில் இன்றைக்கும் ஆடி பிறந்தால் "மலை மூட்டை வரலையா" என்று கேட்கிறார்கள். அவர் போன பிறகு என் வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி, பையன் கோயம்புத்தூரில், எனக்கு ஏணி என்றாலே தலை சுற்றும். மரத்துக்கு இதெல்லாம் தெரியுமா, அது பாட்டுக்கு வருஷா வருஷம் காய்த்துத் தள்ளியது.

கீழே இருக்கிறவர்களிடம் சொன்னால் "வித்துட வேண்டியதுதானே" என்பார்கள். பிளம்ஸ் என்றால் சரி. அது வருவது ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை, ஊரே சீசன் கூட்டத்தில் பிதுங்கும் நேரம், ரோட்டோரம் ஒரு கூடையை வைத்துவிட்டு உள்ளே போய் டீ போட்டு வந்தால் பாதி காலி. பேரிக்காய் திரள்வது ஆடி, ஆவணியில். சாரலும் காற்றுமாக ஏரிக்கரையில் சோளக்கருது விற்கிறவர்கூடப் போர்வைக்குள் உட்கார்ந்திருப்பார். மே மாதம் பழுக்கிற பழத்துக்கு ஆள் உண்டு, ஆடியில் பழுக்கிறதுக்கு நாதி கிடையாது. மண்டிக்கு அனுப்பலாம் என்றால் பறிகூலி, சாக்கு, வண்டி வாடகை, கமிஷன் எல்லாம் போக என் கையில் மிஞ்சுவது என்ன என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன், அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நாலு மரத்துக்காக எந்த வியாபாரியும் வளைவில் ஜீப்பை இறக்க மாட்டார்.

அப்போ என்ன ஆகும்? ஆடிக் காற்றில் பொத்துப் பொத்தென்று விழும். விழுந்து இரண்டு நாளில் புளித்த வாடை கிளம்பும், குளவி மொய்க்கும், அந்த வாடைக்குக் காட்டுமாடு வரும். எங்கள் பக்கத்தில் காட்டுமாடு ஒன்றும் அதிசயமில்லை, அது பாட்டுக்கு ரோட்டில் நடக்கும், நாமும் ஒதுங்கிப் போவோம். ஆனால் ராத்திரி 2 மணிக்குக் கம்பிவேலியைச் சாய்த்துக்கொண்டு படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே நின்று அது பேரிக்காயை நறநறவென்று மெல்லுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தால் தெரியும். கோத்தகிரியில் இருக்கிற என் சிநேகிதிக்கு மாடு இல்லை, கரடி. அவள் சொல்லும்போது நம்முடையது பரவாயில்லை என்று தோன்றும்.

இந்த நிலைமையில்தான் நாயுடுபுரத்தில் ஒரு கல்யாண வீட்டில் இந்தக் குழுவைப் பற்றிக் கேள்விப்பட்டேன். குழுவுக்குப் பேர் கிடையாது. போர்டு கிடையாது. ஒரு வாட்ஸப் குரூப், இருபது முப்பது பேர், அதில் பாதிப்பேர் உள்ளூர் பிள்ளைகள், கொஞ்சம் ஆசிரியர்கள், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்க மலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட இரண்டு மூன்று பேர். உங்கள் மரத்தின் போட்டோவை அனுப்பினால் வந்து பறித்து, உங்களுக்கு வேண்டியதை வைத்துவிட்டு, மீதியை ஊருக்குக் கொடுப்பார்கள். காசு கேட்பதில்லை. ஜீப்புக்கு டீசல் போட நாமாக ஏதாவது கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார்கள், நான் 200 கொடுப்பேன்.

இந்த யோசனை வெளிநாட்டிலிருந்து வந்தது என்று முன்னால் நின்று நடத்துகிற பெண் சொன்னாள். கனடாவில் டொராண்டோ நகரத்தில் 2008ல் 'நாட் ஃபார் ஃப்ரம் தி ட்ரீ' என்று ஒரு அமைப்பைத் தொடங்கியிருக்கிறார்கள், அங்கே கணக்கு முப்பங்கு: மரத்துக்காரருக்கு ஒரு பங்கு, பறித்தவர்களுக்கு ஒரு பங்கு, இல்லாதவர்களுக்குச் சோறு போடும் இடங்களுக்கு ஒரு பங்கு. இங்கேயும் முதலில் அப்படித்தான் ஆரம்பித்தார்களாம். நாலு மரத்துப் பேரிக்காயில் மூன்றில் ஒரு பங்கை ஒரு வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? இப்போது "எவ்வளவு வேணும்க்கா" என்று கேட்டு அதை வைத்துவிட்டுப் போகிறார்கள். நான் ஒரு கூடை எடுத்துக்கொள்வேன். வத்தலக்குண்டு மூட்டை தனி.

வேலை எப்படிச் செய்கிறார்கள் என்றால், உண்மையிலேயே ஒழுங்கு. போட்டோ அனுப்பியதும் கிளம்பி வந்துவிட மாட்டார்கள். இரண்டு நாள் முன்னால் ஒருவர் வந்து மரத்தைச் சுற்றிப் பார்க்கிறார். கரண்ட் கம்பி கிளைக்குப் பக்கத்தில் போகிறதா, தேன்கூடு இருக்கிறதா, நாய் கட்டியிருக்கிறதா, மாடு எந்தப் பக்கமாக வரும். அப்புறம் ஒரு காயைப் பறித்து நடுவில் வெட்டி விதையைப் பார்க்கிறார். விதை வெள்ளையாக இருந்தால் இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்று போய்விடுவார், பழுப்பாக மாறியிருந்தால் வருகிற ஞாயிறு.

பேரிக்காய் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். மாம்பழம் மாதிரி மரத்தில் பழுக்கட்டும் என்று விட்டால் பேரி கெட்டுப்போகும். வெளியே பார்த்தால் பச்சையாக அழகாக இருக்கும், வெட்டினால் நெஞ்சு கறுத்து அழுகியிருக்கும், அது உள்ளேயிருந்து வெளியே பழுக்கிற சாதி. முற்றியதும் காயாகவே பறித்து வீட்டில் வைத்துத்தான் பழுக்க வேண்டும். எப்போது பறிப்பது என்பதற்கு இந்தப் பிள்ளைகள் ஒரு வித்தை வைத்திருக்கிறார்கள், எங்கள் மாமனாரும் அதைத்தான் செய்வார், சொல்லித்தான் தரவில்லை. காயை உள்ளங்கையில் தாங்கிப் பிடித்து, இழுக்காமல், மெதுவாக மேல்நோக்கிப் படுக்க வைக்கிற மாதிரி சாய்க்க வேண்டும். முற்றிய காயென்றால் காம்பு கிளையோடு சேருகிற கணுவில் 'டக்' என்று தானாக விட்டுவிடும். விடவில்லையென்றால் இன்னும் நாள் இருக்கிறது, அப்படியே விட்டுவிட வேண்டும். இழுத்துப் பறித்தால் அடுத்த வருஷம் பூக்க வேண்டிய குச்சி ஒடிந்து கையோடு வந்துவிடும். நான் இத்தனை வருஷம் முறுக்கி முறுக்கிப் பறித்தேன், மரம் என்னை என்ன நினைத்ததோ.

ஞாயிறு காலை 7 மணிக்கு ஐந்தாறு பேர் வந்தார்கள். தொரட்டி இரண்டு, அதன் நுனியில் கொக்கிக்குக் கீழே வலைப்பை கட்டியிருக்கும், காய் பையில் விழும், தரையில் விழாது. மரத்தடியில் தார்ப்பாய். ஏணி ஒன்று. பிளாஸ்டிக் கிரேட்டின் அடியில் பழைய சாக்கை மடித்துப் போட்டு, ஒரு வரிசை காய், ஒரு வரிசை செய்தித்தாள், மறுபடி காய். எட்டுகிற வரைதான் பறிக்கிறார்கள், அதற்கு மேல் ஏற விடுவதில்லை. உச்சியில் நிற்பது கொண்டைக்குருவிக்கும் குரங்குக்கும் என்று கணக்கு. முதல் வருஷம் எனக்கு அது பொறுக்கவில்லை, "அந்தக் கொத்து எவ்வளவு பெரிசா இருக்கு பாருங்க" என்று கீழிருந்து கத்திக்கொண்டிருந்தேன், ஒருத்தரும் காதில் வாங்கவில்லை. மழை ஈரத்தில் பேரிமரப் பட்டை எப்படி வழுக்கும் என்று யோசித்தால் அவர்கள் சொல்வதுதான் சரி.

பறித்த இடத்திலேயே மூன்றாகப் பிரிக்கிறார்கள். முழுசு, அடிபட்டது, விழுந்தது. முழுசு கிரேட்டில் ஏறும், அங்கன்வாடிக்கும் முதியோர் இல்லத்துக்கும், ஊரில் யார் வேண்டுமானாலும் வந்து எடுத்துப் போகிற பொதுமேசைக்கும். அடிபட்டது அன்றைக்கே ஒரு மகளிர் குழுவுக்கு, ஊறுகாய், தொக்கு, ஜாம் என்று ஏதாவது ஆகும். தரையில் விழுந்து கிடந்ததை மனுஷருக்குப் பச்சையாகக் கொடுப்பதே இல்லை, ராத்திரி எந்த மிருகம் மேய்ந்ததோ. அதில் அழுகல் போக நல்லதாக இருப்பதை ஏரிக்கரைக் குதிரைக்காரர்கள் ஒரு சாக்கு எடுத்துக்கொள்கிறார்கள், ஒரு குதிரைக்கு ஒரு வேளைக்கு இரண்டு மூன்று துண்டுபோட்டுக் கொடுக்கலாம், அதற்கு மேல் போனால் வயிறு பிடித்துக்கொள்ளும். அழுகல் எல்லாம் குழியில் போட்டு மண் மூடிவிட்டுத்தான் போனார்கள். அந்த ஆடியில் எங்கள் வேலி சாயவில்லை. என்னைக் கேட்டால் 4 மார்க்கில் 2 மார்க் இந்தக் குழிக்குத்தான்.

குதிரை என்றதும் ஞாபகம் வருகிறது. பண்ணைக்காட்டில் என் நாத்தனார் தோட்டத்தில் காப்பிக்கு நடுவில் பட்டர் ஃப்ரூட் மரங்கள் நிற்கின்றன. அங்கேயும் இவர்களை ஒரு தடவை கூப்பிட்டோம். பட்டர் ஃப்ரூட்டுக்கு இவர்கள் தேவையே இல்லை என்பது என் அபிப்பிராயம், இப்போது அதற்கு இருக்கிற விலைக்கு வியாபாரி தானாக வாசலில் வந்து நிற்கிறார். பொடிக்காய், புள்ளி விழுந்தது என்று அவர் கழித்துவிட்டுப் போனதைத்தான் பிள்ளைகள் எடுத்துப் போனார்கள். ஆனால் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். கழித்த காயை நாத்தனார் வழக்கமாக ஆட்டுக்குப் போடுவார். "அக்கா, ஆட்டுக்கும் குதிரைக்கும் இதைப் போடவே கூடாது, இலையும் தோலும் கொட்டையும் அதுகளுக்கு விஷம்" என்று அந்தப் பெண் சொன்னாள். நாத்தனார் நம்பவில்லை. தடியன்குடிசையில் இருக்கிற வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம், தெரிந்திருக்கும், அங்கிருந்து 'தடியன்குடிசை 1' என்று ஒரு பட்டர் ஃப்ரூட் ரகமே வந்திருக்கிறது, அந்தப் பக்கம் போனபோது கேட்டுவிட்டு வந்து "ஆமாம்" என்றார். போன வருஷம் செத்த குட்டிக்கு இப்போதுதான் காரணம் புரிந்தது என்று கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

சரி, குறைகளுக்கு வருகிறேன்.

முதல் வருஷம் நான் போட்டோ அனுப்பியதற்கும் இவர்கள் வந்ததற்கும் நடுவே 11 நாள். இரண்டு மரம் முழுக்க அதற்குள் நெஞ்சழுகி விழுந்துவிட்டது. கேட்டால் "ஒரே வாரத்துல 14 வீட்டுல கூப்பிட்டாங்கக்கா" என்றார்கள். நியாயம்தான், ஊரில் எல்லா மரமும் ஒரே நேரத்தில்தானே முற்றும். ஆனால் அதை முதலிலேயே சொல்லியிருந்தால் பக்கத்து வீட்டுப் பையனை வைத்தாவது பாதியை இறக்கியிருப்பேன். இப்போது ஆனி கடைசியிலேயே பேர் கொடுத்துவைக்கச் சொல்கிறார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

இரண்டாவது வருஷம் மதுரையிலிருந்து லீவுக்கு வந்த ஒரு கல்லூரிப் பையன் குழுவோடு வந்தான். நல்ல பையன், வாட்டசாட்டமாக இருந்தான், எல்லாரும் ஒவ்வொரு காயாகச் சாய்த்துப் பறிப்பதைப் பார்த்துப் பொறுமை போய், நாங்கள் டீ எடுக்க உள்ளே போன நேரத்தில் மூன்றாவது மரத்தின் கிளையைப் பிடித்து ஒரே உலுக்கு உலுக்கிவிட்டான். ஆலங்கட்டி மழை மாதிரி சத்தம். அத்தை கையில் டம்ளரோடு வாசலுக்கு வந்தார். எண்பதைத் தாண்டியவர், குரல் மட்டும் நாற்பது.

"ஏப்பா, இதென்ன புளியமரமா? உலுக்குறதுக்கு?"

அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கிட்டத்தட்ட ஒரு கிரேட் காய் அடிபட்டது. பேரிக்காயில் அடிபட்ட இடம் அப்போதே தெரியாது, மறுநாள்தான் பழுப்பாக இறங்கும், அதனால் எது அடிபட்டது எது படாதது என்று பிரிக்கவும் முடியாது. அத்தை அவனை அனுப்பவில்லை. திண்ணையில் உட்காரவைத்து, ஒரு அரிவாள்மணையை முன்னால் தள்ளி, நறுக்கு என்று சொல்லிவிட்டார். மத்தியானம் வரை நறுக்கினான். அவருக்கு அரிவாள்மணையில் நறுக்குகிற ஆளைக் கண்டால் பிடித்துவிடும், பாதிக்கு மேல் அவர் பேச்சுத் துணைக்குத்தான் அவனை உட்காரவைத்திருந்தார் என்று நினைக்கிறேன். நாட்டுப் பேரி என்பதால் கடைசிவரை நறநறவென்றுதான் இருக்கும், வெண்ணெயாக இளகாது, ஊறுகாய்க்கு அதுதான் தோது. நறுக்கியதை உப்பிலே பிசறி ஒரு ராத்திரி வைத்து, வடிந்த தண்ணீரை ஊற்றிவிட்டு, நிழலில் உலர்த்தி, வரமிளகாய், வறுத்த வெந்தயம், பெருங்காயம், கடைசியில் நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றினால் எங்கள் வீட்டு பேரிக்காய் ஊறுகாய். இரண்டு ஜாடி ஆனது. ஒரு ஜாடியைக் குழுவுக்கே கொடுத்து அனுப்பினார் அத்தை. கண்ணாடி பாட்டில் இல்லை, அவர் கல்யாணச் சீராக வந்த பீங்கான் ஜாடி, மேலே பழுப்பு, கீழே வெள்ளை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பெரிய விஷயம்.

எங்கள் வளைவுக்கு மேலே ஒரு பழைய பங்களா இருக்கிறது. அமெரிக்க மிஷனரிகள் 1845ல் இந்த மலையில் வீடு கட்டிக் குடியேறியதிலிருந்து வெள்ளைக்காரர் வைத்த தோட்டங்கள் எத்தனையோ கைமாறிவிட்டன, இதுவும் அப்படித்தான். இப்போதைய சொந்தக்காரர் சென்னையில் இருக்கிறார், வருஷத்துக்குப் பத்து நாள் வந்தால் அதிகம். தோட்டத்தில் பேரியும் பிளம்ஸுமாகப் பத்துப் பன்னிரண்டு மரம். குழுப் பிள்ளைகள் சொந்தக்காரரின் நம்பரைத் தேடிப் பிடித்து, போனில் அனுமதி வாங்கி, ஒரு ஞாயிறு போய் மொத்தத்தையும் பறித்துவிட்டார்கள். சொந்தக்காரருக்கு மகா சந்தோஷம், நன்றி சொல்லி மெசேஜ் போட்டார்.

யாரும் வாட்ச்மேன் அண்ணனைக் கேட்கவில்லை. பத்துப் பதினைந்து வருஷமாக அந்த மரத்துக்காய்தான் அவருக்கு ஆடி மாத வரும்படி. அவர் வீட்டம்மா விழுந்ததைப் பொறுக்கி, நல்லதை இறக்கி, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கூறு கட்டி விற்பார். சொந்தக்காரருக்கு அது தெரியுமா தெரியாதா என்பது வேறு, தெரிந்தும் கண்டுகொள்ளாமல் இருந்திருக்கலாம், சம்பளம் குறைவாக இருக்கிற இடத்தில் இப்படிப் பேசாத ஏற்பாடுகள் நிறைய உண்டு. "மிஞ்சிப் போறதைத்தான் எடுத்தோம்" என்று பிள்ளைகள் சொன்னார்கள். யாருக்கு மிஞ்சியது? பள்ளிக்கூடம் திறந்து நோட்டு வாங்க வேண்டிய நேரத்தில் அந்த வீட்டுக்கு அது மிச்சமில்லை. அந்த அண்ணன் சத்தம் போட்டு ஒரு வார்த்தை பேசவில்லை, எங்கள் வாசலில் நின்று வீட்டுக்காரரிடம், "சார், நீங்களும் அவங்க குரூப்ல இருக்கீங்களாமே" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

இதோடு முடியவில்லை. பறித்ததை அதே ஞாயிற்றுக்கிழமை காலையில் மேசை போட்டு இலவசமாக வைத்தார்கள், சந்தைக்குப் போகிற வழியில். சந்தையில் கூறு 20 ரூபாய்க்கு விற்கிற பாட்டிகளிடம் அன்றைக்கு யார் வாங்குவார்கள்? ஒரு பாட்டி மேசைக்கே வந்து, "நல்லா இருங்க சாமி, எங்க பொழப்புலயும் ஒரு கை அள்ளிட்டீங்க" என்றதாகக் கேள்வி.

இதை நான் குரூப்பில் எழுதினேன். நாலு பேர் கட்டைவிரல் போட்டார்கள், ஒருவர் "பாசிட்டிவா பேசுங்க சிஸ்டர்" என்றார், அவருக்கு நான் பதில் போடவில்லை. ஆனால் குழுவை நடத்துகிற அந்தப் பெண் மறுநாள் நேரில் வந்தாள். உட்கார்ந்து முழுசாகக் கேட்டாள், சாக்கு எதுவும் சொல்லவில்லை. வாட்ச்மேன் அண்ணன் வீட்டுக்கும் போய் இரண்டு கிரேட் கொடுத்தாளாம், அவர் வாங்கவில்லை. அதுவும் சரிதான்.

மூன்றாவது வருஷம் மாறியிருந்தது. முன்னால் மரம் பார்க்க வருகிறவர் கேட்கிற முதல் கேள்வி இப்போது "இந்த மரத்துக்காயை இப்ப யாரு எடுத்துக்கறாங்க?" வாட்ச்மேன், தோட்டக்காரர், பாத்திரம் தேய்க்க வருகிற அக்கா, யாராவது எடுத்தால் அவர்களுக்கு வேண்டியது முதலில். பறித்துத் தரச்சொன்னால் பறித்துக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறார்கள். அந்த பங்களாவில் இந்த ஆடியில் அப்படித்தான் நடந்தது, அண்ணன் வீட்டம்மா சந்தையில் உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன், கூறு கொஞ்சம் பெரிதாகவே இருந்தது. மேசையை ஞாயிறிலிருந்து புதனுக்கு மாற்றிவிட்டார்கள், இடமும் மாறி ரேஷன் கடை வளைவுக்குப் போய்விட்டது. இவ்வளவையும் சரிசெய்தவர்களுக்கு ஏன் மார்க் குறைக்கிறாய் என்றால், அந்த ஒரு வருஷம் போனது போனதுதான்.

புதன் மேசையைப் பற்றி ஒரு வார்த்தை. முதலில் யாரும் கிட்டே வரவில்லை. சும்மா கொடுத்தால் நம் ஊரில் இரண்டு சந்தேகம், ஒன்று பழத்தில் ஏதோ கோளாறு, இரண்டு எலெக்ஷன் வருகிறது. கௌரவம் வேறு. "ஓசிப் பழம் வாங்கித் திங்கிற அளவுக்கா போயிட்டோம்" என்று எங்கள் தெருவிலேயே ஒருவர் சொன்னார். அப்புறம் ஒரு பழைய வாத்தியார் வழி சொன்னார்: பழத்துக்குப் பதில் எதையாவது கொண்டுவரச் சொல்லுங்கள். மூடியோடு காலி பாட்டில் ஒன்று, அல்லது பழைய செய்தித்தாள், அல்லது சாக்கு. இதையெல்லாம் அவர்களும் தேடிக்கொண்டுதானே இருந்தார்கள். அதிலிருந்து வரிசை நிற்கிறது. மஞ்சப்பையும் கையுமாக வருகிறார்கள், பாட்டிலை மேசையில் 'ணங்' என்று வைத்துவிட்டு உரிமையோடு பொறுக்கி எடுக்கிறார்கள், "இது சொத்தை, வேற குடு" என்று சண்டைகூடப் போடுகிறார்கள். ஒரு கைக்குழந்தைக்காரி அரை மணி நேரம் நின்று ஒவ்வொரு காயாகக் காம்புக்குக் கீழே கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள், அந்த இடம் லேசாக அமுங்கினால்தான் இன்றைக்கே தின்னலாம், அவளுக்கு யார் சொன்னார்களோ. மற்றவர்களுக்கு ஒரு துண்டுச்சீட்டு கொடுக்கிறார்கள், அரிசிப் பானைக்குள் நாலு நாள் புதைத்து வையுங்கள், சீக்கிரம் வேண்டுமென்றால் கூடவே ஒரு வாழைப்பழம் வையுங்கள், அதிலிருந்து வருகிற எத்திலீன் வாயு பழுக்க வைக்கும் என்று. அத்தை அந்தச் சீட்டைப் படித்துவிட்டு "அரிசிப் பானைக்கெல்லாம் ஆராய்ச்சியா" என்றார்.

முன்பெல்லாம் அங்கன்வாடிப் பிள்ளைகள் கையில் பேரிக்காயைக் கொடுத்து வரிசையாக நிற்கவைத்துப் போட்டோ எடுத்துப் போடுவார்கள். இப்போது பழத்தை மட்டும்தான் எடுக்கிறார்கள். யார் சொல்லி நிறுத்தினார்கள் என்று தெரியவில்லை, நல்லது. காலை வணக்கப் படங்கள்தான் இன்னும் நிற்கவில்லை, குரூப்பை மியூட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.

மகளிர் குழு செய்கிற பாட்டில்களை அவர்களே விற்கிறார்கள், உரிம எண் ஒட்டித்தான் வருகிறது, அந்தக் காசு நறுக்கிக் கிளறுகிற பெண்களுக்குக் கூலியாகப் போகிறது. பேரிக்காய் ஜாமை வாங்காதீர்கள். பேரியில் புளிப்பும் இல்லை, கெட்டிப்படுத்துகிற பெக்டினும் குறைவு, அதை ஈடுகட்ட எலுமிச்சையாவது பேஷன் ஃப்ரூட் சாறாவது தாராளமாக ஊற்ற வேண்டும், இவர்கள் சர்க்கரையைக் கொட்டியிருக்கிறார்கள், தோசைமேல் ஊற்றினால் தட்டைத் தாண்டி ஓடுகிறது. பிளம்ஸ் ஜாம் அருமை, அரைப்பழத்தையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள், கரண்டியில் நிற்கிறது. மரத்தக்காளித் தொக்கை விட்டுவிடாதீர்கள். வெந்நீரில் போட்டுக் கசப்புத் தோலை உரித்து, பூண்டு தட்டிப் போட்டுச் சுருள வதக்கியிருக்கிறார்கள், அந்தப் பூண்டு நம் மலைப்பூண்டுதான் என்று வாசனையிலேயே தெரிந்தது. என் பையன் ஹாஸ்டலுக்கு மூன்று பாட்டில் கொண்டுபோனான், நாலாம் நாள் போன் பண்ணி இன்னும் அனுப்பச் சொன்னான்.

பாட்டிலுக்கு 20 ரூபாய் முன்பணம் பிடிக்கிறார்கள், திருப்பிக் கொடுத்தால் வாபஸ். இந்த விஷயத்தில் மகா கறார். மூடி தொலைந்தால்கூட 5 ரூபாய் கழிக்கிறார்கள். நான் ஒரு தடவை மூடியை மறந்துவிட்டுப் போய் மறுபடி மேட்டில் ஏறி எடுத்து வந்தேன்.

இவ்வளவு கறாரான குழுவிடம்தான் எங்கள் அத்தையின் பீங்கான் ஜாடி போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஊறுகாய் தீர்ந்த செய்தி வந்துவிட்டது, "சூப்பர் பாட்டி" என்று இருபது மெசேஜ் வந்துவிட்டது, அந்தப் புளியமரப் பையன் மதுரையிலிருந்து போன் போட்டு செய்முறை கேட்டு எழுதிக்கொண்டுவிட்டான். ஜாடியைக் காணோம். கேட்டால் அவர் இவரிடம் என்கிறார், இவர் மகளிர் குழுவில் என்கிறார், மகளிர் குழுவில் "பழுப்பு மூடி ஜாடியா, அது முதியோர் இல்லத்துக்குப் போயிருக்கும்" என்கிறார்கள். இந்த ஞாயிறு இரண்டாவது தடவை பறிக்க வருகிறார்கள். அத்தை காலையிலேயே திண்ணையில் நாற்காலியைப் போட்டு உட்காரப்போவதாகச் சொல்லியிருக்கிறார், ஜாடி வராமல் ஏணியைச் சாய்க்க விட மாட்டாராம்.